கம்பத்திலிருந்து வராத கம்பி

பழைய வீடுகளிலே வாழ்வோர் ஒருநாள் முற்றத்தில் நின்று சற்றே அண்ணாந்து பார்ப்பாராக. வீதியோரத்து மின்கம்பத்திலிருந்து வீட்டுச் சுவரிலே பொருத்தப்பட்ட இரும்புத் தாங்கி வரையும், வெயிலாலும் மழையாலும் நிறம் மங்கிய வயர் ஒன்று தொய்ந்து வருவதைக் காண்பர். அதனுள்ளே இருப்பவை இரண்டே கம்பிகள். ஒன்று உயிர்க்கம்பி, மற்றையது நொதுமற் கம்பி. மூவவத்தை இணைப்புப் பெற்ற பெரிய வீடாயின் அவை நான்காகும். ஆனால் வீட்டினுள்ளே ‘பிளக் பொயின்ற்’ ஒவ்வொன்றிலும் துளைகள் மூன்று இருக்கின்றன. மேலே தனித்திருக்கும் பெரிய துளை எந்தக் கம்பிக்கு உரியது? அக்கம்பி எங்கிருந்து வருகின்றது?

கம்பத்திலிருந்து அது வருவதில்லை. நமது வளவு மண்ணிலிருந்தே வருகின்றது. மீற்றர்ப் பலகையின் அருகே பார்த்தால், பச்சை உறையிட்ட கம்பி ஒன்றோ, உறையே இல்லாத செப்புக் கம்பி ஒன்றோ சுவர் வழியே இறங்கி நிலத்தினுள் மறைவதைக் காணலாம். நிலத்தினுள்ளே செம்பு பூசிய நான்கடி உருக்குக் கோல் ஒன்று அறையப்பட்டிருக்கும். இன்னும் பழைய வீடாயின், நாக முலாமிட்ட இரும்புக் குழாயைக் குழியில் நிறுத்திச் சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு மூடியிருப்பர். இதனைப் புவிக்கம்பி என்று பாடநூல்கள் கூறும். எர்த் என்றாற்றான் மற்றையோருக்கு விளங்கும்.

இவ்வாறு மின்மாற்றி தனக்கென ஒரு நிலத்தொடுப்பையும், வீடு தனக்கென வேறொரு நிலத்தொடுப்பையும் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பொறியியலாளர் ‘ரீ-ரீ’ முறை என்பர். நிலத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்தை இருமுறை சொல்வதே அப்பெயர். இலங்கையின் வீடுகளுக்கு மின் வழங்கப்படுவது இம்முறையிலேதான். இதிலே நாம் மறவாதிருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கம்பத்தையும் வயரையும் மீற்றரையும் மின்வழங்குவோர் பார்த்துக்கொள்வர்; புவிக்கம்பியோ வீட்டுக்காரரின் பொறுப்பு. முதன்முதலில் இணைப்புப் பெறும்போது அது சோதிக்கப்படுகின்றது. அதன் பின்னர், நாமாக ஒருவரை அழைத்தாலன்றி, முப்பது ஆண்டு சென்றாலும் அதனைப் பார்க்க எவரும் வரார்.

மாணவர் வழமையாகக் கேட்கும் கேள்வி ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். கம்பியிலே அமர்ந்த காகம் சாவதில்லை. ஏனெனில் அதன் உடல் வழியே மின்னோட்டம் திரும்பிச் செல்ல வேறு பாதை இல்லை. அங்ஙனமாயின், மின்மாற்றியை நிலத்தோடு தொடுக்காமலே விட்டுவிட்டால், உயிர்க்கம்பியைத் தொடும் மனிதனும் காகத்தைப் போலத் தப்பிவிடுவானல்லவா? நிலத்தொடுப்பே அல்லவா ஆபத்தை உண்டாக்குகின்றது?

நல்ல கேள்வியே. இதற்கு விடை மின்மாற்றியின் மறுபக்கத்தில் இருக்கின்றது. நமது ஊர்களின் மின்மாற்றிகளுக்கு 33,000 வோல்ற்றிலோ 11,000 வோல்ற்றிலோ மின்சாரம் வருகின்றது. அதனை 400, 230 வோல்ற்றுகளாகக் குறைத்து அவை வீடுகளுக்கு அனுப்புகின்றன. இரு சுருள்களுக்கும் இடையிலுள்ள காப்பு ஒருநாள் சிதையுமாயின், அல்லது புயற்காற்றிலே மேலேயுள்ள உயரழுத்தக் கம்பி அறுந்து கீழேயுள்ள கம்பியில் வீழுமாயின், அந்த ஆயிரக்கணக்கான வோல்ற்று நேரே வீடுகளுள் நுழையும். நொதுமற் கம்பி நிலத்தோடு தொடுக்கப்பட்டிருப்பின் அம்மின்னோட்டம் பெருமளவில் மண்ணுக்குள் இறங்கும்; மின்மாற்றியின் காவற் கருவிகளும் அதனை உணர்ந்து துண்டிக்கும். அன்றியும், பல வீடுகளுக்குச் செல்லும் நீண்ட கம்பித் தொடரிலே எங்கேனும் ஓரிடத்தில் ஒரு தென்னோலை உரசினாலும் போதும். நிலத்தொடுப்புத் தானே ஏற்பட்டுவிடும். அது எங்கே, எப்போது என்று அறியாதிருப்பதினும், நாமே ஓரிடத்தில் உறுதியாகத் தொடுத்துவைப்பது நன்று. ஒரு பேராபத்தை நீக்குவதற்காகச் சிறிய ஆபத்து ஒன்றை ஏற்றுக்கொண்டோம். அச்சிறிய ஆபத்துக்கு மாற்றாகவே வீட்டிலும் ஒரு புவிக்கம்பி வேண்டியதாயிற்று.

மண் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் என்பதை உலகம் தெளிவாக அறிந்தது 1838ஆம் ஆண்டிலே. மியூனிக் நகரத்துப் பேராசிரியர் ஸ்ரைன்ஹைல் என்பவர், தந்தி அனுப்புவதற்கு இரண்டு கம்பிகள் வேண்டுவதில்லை, ஒன்று போதும், மற்றதற்குப் பூமியே துணைசெய்யும் என்று கண்டார். இரு முனைகளிலும் உலோகத் தகட்டைப் புதைத்ததே அவர் செய்தது. தந்திக் கம்பனிகளுக்குச் செலவு பாதியாகக் குறைந்தது. தந்திக்கு வேண்டிய மின்னோட்டம் மிகச் சிறியது. ஆதலின் மண் அதற்குப் போதுமான பாதையாயிற்று. வீட்டு மின்சாரத்துக்கு மண் அவ்வளவு நல்ல பாதையன்று என்பதைச் சிறு கணக்கொன்று காட்டும். மாணவர் பென்சிலை எடுத்துக்கொள்க.

மண்ணின் தன்தடை 100 ஓம்-மீற்றர் என்று கொள்வோம். ஓரளவு ஈரமுள்ள சாதாரண மண்ணுக்கு இது பொருந்தும். அதிலே அறையப்பட்ட நான்கடிக் கோல் ஒன்றின் நிலத்தடை ஏறத்தாழ 75 ஓம். மின்மாற்றியின் நிலத்தொடுப்பை 5 ஓம் என்போம். இப்போது வீட்டிலே குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே உயிர்க்கம்பியின் உறை தேய்ந்து, பெட்டியின் தகட்டைத் தொட்டுவிட்டது. மின்னோட்டம் தகட்டிலிருந்து புவிக்கம்பி வழியே மண்ணுக்குச் சென்று, மண்ணினூடாக மின்மாற்றிக்குத் திரும்புகின்றது. மொத்தத் தடை 80 ஓம். 230ஐ 80ஆல் வகுத்தால் வருவது 2.9 அம்பியர்.

மூன்று அம்பியர்கூட இல்லை. பழைய வீட்டின் உருகிப் பெட்டியிலே இருப்பது 5 அம்பியர் அல்லது 15 அம்பியர் உருகி. உருகிக் கம்பி தனது அளவைப்போல் இருமடங்கு சென்றாலேயே விரைவில் உருகும். ஆகவே இங்கே ஒன்றும் உருகாது. ஒரு பொறியும் பறக்காது. பெட்டி வழமைபோலக் குளிரூட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அதன் கதவுத் தகட்டிலே ஏறத்தாழ 215 வோல்ற்று நிற்கும். அதுமட்டுமன்று, அந்த 2.9 அம்பியர் மண்ணுக்குள் வீணே ஓடிக்கொண்டிருப்பதால் நாளொன்றுக்குப் பதினாறு அலகு மின்சாரம் செலவாகும். காரணமின்றி மின்கட்டணம் ஏறிவிட்டதென்று மீற்றரைக் குறைகூறுவோர், சில வேளைகளிலே குறைகூற வேண்டியது வேறொன்றை.

எர்த் இருந்தால் உருகி எரிந்து மின்சாரம் நின்றுவிடும் என்று நம்மிற் பலர் நினைத்துக்கொண்டிருப்பது, ஆகவே, நமது நாட்டு முறைக்குச் சரிவரப் பொருந்துவதன்று. உலோகத்தாலான திரும்புபாதை வழங்கப்படும் நாடுகளில் அது மெய். நம் வீடுகளிலே திரும்புபாதை மண். மண்ணுக்கு அத்துணை வலிமை இல்லை.

இக்குறையை நிரப்புவதற்கு வந்ததே ‘ட்ரிப் சுவிச்’ என்று நாம் வழங்கும் மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான். அதன் வேலை ஒரு கணக்குப்பிள்ளையின் வேலையே. உயிர்க்கம்பி வழியே உட்சென்ற மின்னோட்டமும் நொதுமற் கம்பி வழியே திரும்பிய மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று அது இடைவிடாது பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரு வளையத்தினூடாகச் செல்கின்றன. சமமாயின் ஒன்றின் காந்த விளைவை மற்றது அழித்துவிடும். எங்கேனும் ஒழுகினால் வேறுபாடு தோன்றும். வேறுபாடு 30 மில்லி அம்பியரை அடைந்தால் அது மின்சாரத்தைத் துண்டித்தே ஆகவேண்டும். ஓர் அம்பியரின் நூறில் மூன்று பங்கு அது. அவ்வளவு ஒழுகும்போது 0.3 செக்கனுக்குள்ளும், அதன் ஐந்து மடங்கு ஒழுகினால் 0.04 செக்கனுக்குள்ளும் துண்டித்துவிட வேண்டுமென்பது அனைத்துலக நியமம்.

முப்பது என்னும் எண் மனித உடலை நோக்கி வைக்கப்பட்டது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்ள்ஸ் டால்சியல், தாமாக முன்வந்தோரைக் கொண்டு, மின்பட்ட கையைத் தானே விடுவித்துக்கொள்ளக்கூடிய எல்லை யாது என ஆராய்ந்தார். ஆடவருக்குச் சராசரி 16 மில்லி அம்பியர், பெண்களுக்கு 10.5 என அவர் கண்டார். அதற்கு மேலே தசைகள் இறுகி, பிடித்தது பிடித்தபடியே நிற்கும். நீடித்து நிற்பின் மூச்சு முட்டும். மின்னோட்டம் இன்னும் கூடினால் இதயத்தின் ஒழுங்கு குலையும். வெறுங்காலும் ஈரக்கையுமாய் நிற்கும் ஒருவரின் உடற்றடையை ஆயிரம் ஓம் என்று கொண்டால், 230 வோல்ற்று அவருடலிலே 230 மில்லி அம்பியரைச் செலுத்தும். ஆதலின் சுற்றுடைப்பானின் முகப்பிலே 30 மில்லி அம்பியர் என்று பொறித்திருக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். பழைய வீடுகள் சிலவற்றிலே 100 அல்லது 300 என்று பொறித்ததைக் காண்கின்றோம். அது தீயிலிருந்து வீட்டைக் காக்கலாம்; ஆளைக் காக்கும் என்று நம்பியிருத்தல் தகாது.

சுற்றுடைப்பான் வந்ததனால் மோசமான எர்த்தும் பயன்படும் எர்த் ஆயிற்று. 500 ஓம் நிலத்தடை இருந்தாலும், 30 மில்லி அம்பியர் ஒழுகும்போது தகட்டிலே நிற்பது 15 வோல்ற்று மாத்திரமே. அதற்கு மேல் ஏறுமுன் அது துண்டித்துவிடும். ஆனால் எர்த் அறவே இல்லாவிடின்? அங்கேதான் சிக்கல்.

எமது உறவினர் ஒருவரின் பழைய நாற்சார் வீட்டிலே நிகழ்ந்ததைக் கூறினால் இது எளிதில் விளங்கும். அவ்வீட்டு ஆச்சி ஒருநாள் எம்மிடம், “தம்பி, பிறிச்சைத் துறக்கேக்கை கையிலை எறும்பு கடிச்ச மாதிரிக் கிடக்கு. செருப்புப் போட்டுக்கொண்டு துறந்தால் ஒண்டுமில்லை” என்றார். செருப்பைச் சமையலறை வாசலிலேயே வைத்துக்கொண்டு, கைபிடியிலே துணித்துண்டு ஒன்றையும் சுற்றிவைத்துக் காரியத்தை நடத்திவந்தார். பேரப்பிள்ளையோ, ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதந்தோறும் தான் அழுத்திப் பார்ப்பதாகவும், அழுத்தியவுடன் அது வீழ்வதாகவும், ஆகையால் அச்சமொன்றும் இல்லை என்றும் கூறினான். பொறுப்புள்ள பிள்ளைதான். வெளியே சென்று சுவரைப் பார்த்தோம். மீற்றர்ப் பலகையிலிருந்து இறங்கிய செப்புக் கம்பி, புதிய சீமெந்துப் பூச்சினுள்ளே புகுந்து முடிந்துவிட்டது. பேத்தியின் கலியாணத்தின்போது முற்றத்துக்குச் சீமெந்து போட்ட மேசன், இடையூறாய் நின்ற கம்பியைத் தறித்து, முனையைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார் என்று பின்னர் தெரிந்தது. கோல் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை.

பொத்தானை அழுத்தியபோது சுவிச் வீழ்ந்தது எவ்வாறு? அப்பொத்தான் சுவிச்சின் உள்ளேயே ஒரு சிறு தடை வழியாக ஓர் ஒழுக்கை உண்டாக்குகின்றது. அந்த ஒழுக்கு மண்ணுக்குச் செல்வதே இல்லை. சுவிச் நலமாக இருக்கின்றது என்பதற்கு மட்டும் அது சான்று. எர்த் கம்பி அறுந்திருந்தாலும், கோலே இல்லாதிருந்தாலும் அது ஒழுங்காக வீழும். இதனை அறியாத வீடுகள் மிகப் பல என்றே எண்ணுகின்றோம்.

எர்த் இருக்கும் வீட்டிலே, தகட்டை உயிர்க்கம்பி தொட்ட கணமே மின்னோட்டம் மண்ணுக்குச் செல்லும், சுவிச் வீழும், அப்போது பெட்டியின் அருகே ஒருவரும் இல்லாதிருக்கலாம். எர்த் இல்லாத வீட்டிலே தகட்டின் மின்சாரத்துக்குப் போக வழியில்லை. அது காத்திருக்கும். ஒருவர் வந்து தொடும்போது அவருடலே புவிக்கம்பியாகும். சுவிச் அப்போதுதான் வேறுபாட்டை உணர்ந்து வீழும். நல்ல சுவிச்சாயின் அடிபட்டவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். பழுதான சுவிச்சாயின் வேறு காவல் இல்லை. ஆச்சியின் கையைக் கடித்த எறும்பு முற்றிய பழுது அன்று. மோட்டரின் காப்பினூடாக ஒழுகிய சில துளி மின்னோட்டமே. கணினிப் பெட்டியின் உலோக உறையிலும் இத்தகைய கூச்சம் தோன்றுவதுண்டு. அதனுள்ளே உள்ள வடிகட்டிச் சுற்று சிறிதளவு மின்னோட்டத்தைப் புவிக்கம்பிக்கு அனுப்புமாறே அமைக்கப்பட்டுள்ளது. புவிக்கம்பி இல்லையெனில் அது தகட்டிலேயே நிற்கும். இக்கூச்சம் ஒரு நல்ல அறிவிப்பாளன். செருப்பைப் போட்டு அதன் வாயை அடைத்துவிடலாகாது.

புவிக்கம்பி கெடும் வழிகள் மேசனோடு முடிவதில்லை. செப்புக் கம்பியும் இரும்புக் குழாயும் ஈரத்திலே சேர்ந்திருந்தால் இரும்பு அரிபடும். கரியோடு இட்ட உப்பும் அதற்குத் துணைபோகும். தோண்டிப் பார்த்தால் குழாயின் மேல்முனை மாத்திரம் கவ்வியோடு கையில் வருவதுண்டு. செம்புக்கு விலை உண்டென்பதால் ஆளில்லா வீடுகளிலே அறுத்துச் செல்லப்படுவதும் உண்டு. 1990ஆம் ஆண்டுக்குப் பின் வடக்கிலே பல்லாண்டுகள் மின்சாரமின்றி, ஜாம் போத்தல் விளக்கோடு கழிந்த வீடுகள் எத்தனையோ. அத்தகைய வீட்டிலே பழைய வயரிங்கைத் திருத்தி மீண்டும் இணைப்புப் பெற்றோர், நிலத்தினுள் இருந்ததையும் அன்று மாற்றினார்களா என்று கேட்டறிதல் வேண்டும். இன்னொன்று: பழைய நகரத்து வீடுகளிலே எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயிலே கட்டிவிடுவர். அக்காலத்துக் குழாய் இரும்பு. மண்ணினுள்ளே நெடுந்தூரம் சென்றது. குழாய் பழுதாகிப் பீ.வீ.சி. குழாய் வந்தபோது, கம்பி மேலே கட்டியபடியே இருக்க, கீழே மண்ணோடு தொடர்பு அற்றுப்போயிற்று.

மண்ணும் ஊருக்கு ஊர் வேறு. வலிகாமத்துச் செம்மண் வளமானது. ஆயினும் பலவிடங்களிலே சில அடிக்குக் கீழே சுண்ணக்கல் வந்துவிடும். கோலை நாலடி இறக்குவதே பெரும்பாடு. கல்லிலே முட்டிய கோலின் மிச்சத்தை வெட்டிவிட்டுப் போவோரும் உளர். மணற்காட்டிலும் மன்னார்த் தீவிலும் கல் இல்லை, மணலுண்டு. மேல்மணல் காய்ந்தால் நான்கடிக் கோலின் நிலத்தடை எழுநூறு ஓமையும் தாண்டும். அத்தகைய இடங்களிலே இரண்டு மூன்று கோல்களை, ஒன்றுக்கொன்று ஒரு கோலின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு அறைந்து, ஒன்றாகத் தொடுத்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் கிணற்றடி மோட்டரையே நாம் அதிகம் அஞ்சுகின்றோம். வீட்டிலிருந்து கிணறு வரையும் இரண்டு கம்பி வயரை மரத்துக்கு மரம் கட்டி இழுத்து, மூன்றாவது கம்பியின் செலவை மிச்சம் பிடிப்பது ஒரு வழக்கம். அங்கே மோட்டரின் உடல் இரும்பு, நிலம் ஈரம், குளிப்பவர் வெறுங்கால். இதனைவிடப் பொல்லாத இடம் வீட்டிலே வேறில்லை. தலைக்கு மேலே வரும் இணைப்பு வயரையும் ஒருமுறை நோக்குக. அதன் உறை வெயிலிலே வெடித்து, தகரக் கூரையையோ பீலியையோ உரசிக்கொண்டிருக்குமாயின், அங்கே வீட்டு ட்ரிப் சுவிச் உதவாது. அது மீற்றருக்குப் பின்னால் இருப்பது. உரசும் இடமோ மீற்றருக்கு முன்னால். பீலியிலே கொடிக்கம்பி கட்டி ஈரத்துணி உலர்த்தும் வீடுகளுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். அத்தகைய வயரை நாமே தொடாது மின்வழங்குவோருக்கு அறிவித்தல் முறை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள நம் உறவினர், அங்கே நொதுமற் கம்பியையும் எர்த்தையும் வீட்டுப் பிரதான பெட்டியிலேயே ஒன்றாக முடுக்கி இருக்கின்றார்கள் என்று கூறுவதுண்டு. உண்மையே. அங்கே கம்பத்திலிருந்து வரும் வடத்தில் உறையிட்ட இரு கம்பிகளைச் சுற்றவிட்டு, உறையில்லாத ஒரு கம்பி அவற்றைத் தாங்கி வரும். நொதுமலும் அதுவே, எர்த்துக்கு ஆதாரமும் அதுவே. உலோகப் பாதை இருப்பதால் பழுது நேர்ந்தால் அங்கே உருகி உருகும். அந்த முறைக்கும் ஒரு குறையுண்டு. அவ்வெற்றுக் கம்பி முதுமையால் அறுந்தால், வீட்டின் மின்னோட்டம் முழுவதும் தண்ணீர்க் குழாய் வழியே அயல்வீட்டுக்குச் சென்று திரும்பும். குழாயைக் கழற்ற வந்த தொழிலாளி காரணம் தெரியாமல் அடிபடுவார். அவர்கள் முறையை இங்கே கொணர்ந்து, நம் பெட்டியிலே நொதுமலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டுவது பெருந்தவறு. ட்ரிப் சுவிச்சுக்குப் பின்னே கட்டினால் அதன் கணக்குக் குழம்பும். முன்னே கட்டினால், வீதியிலே நொதுமற் கம்பி அறும் நாளில், அயலார் பலரின் மின்னோட்டம் நம் வளவுக் கோலைத் தேடிவரும். நம் வீட்டுத் தகடுகள் எல்லாவற்றிலும் மின்சாரம் ஏறும்.

செய்ய வேண்டியது அதிகமன்று. சுவரிலே இறங்கும் கம்பியைக் கண்ணாற் பார்த்து, அது எங்கே நிலத்துள் இறங்குகின்றது என்று வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல். கோலின் தலைக்கு மேலே சிறு தொட்டி கட்டி மூடியிட்டு, சீமெந்து போடுவோருக்கும் குழி வெட்டுவோருக்கும் அதனைக் காட்டிவைத்தல். இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காகப் பெரிய துளைக்குள் பேனையைக் குத்தும் பழக்கத்தை ஒழித்தல். தகுதி பெற்ற மின்னியலாளரை அழைத்து நிலத்தடையைக் கருவி கொண்டு அளப்பித்து, அந்த எண்ணையும் திகதியையும் மீற்றர்ப் பலகையிலே எழுதிவைத்தல். பெட்டியைத் திறந்து நாமே ஆராய முற்படுதல் ஆகாது.

அளப்பதற்கு அழைப்பதாயின் ஆவணி மாதத்திலே அழைக்க. மாரி மழையிலே ஊறிய மண் எந்தக் கோலையும் நல்ல கோலாகக் காட்டும். மார்கழியிலே எண்பது என்று எழுதிய வீட்டுக்கு, கிணற்று நீர் வற்றிய ஆவணியிலே மீண்டும் சென்று அளந்தால் எண் முந்நூறைத் தாண்டியும் நிற்கக்கூடும்.